மடியில் கனம்

ஏப்ரல் கடைசியில்
பதினாறு கண்ணாடித் தகடுகளை மரச்சட்டத்தில் செருகி
மேஜா ஆற்றில் இறக்கினேன்.
பாலத்துக் கம்பியில் நைலான் கயிறு.
கயிற்றில் ஒரு சீட்டு:
"ஆய்வுக்காக. தொட வேண்டாம். யெர்னேயா ஹுதோபிஸ்க்."
மறுநாளே யாரோ என் பெயருக்குப் பக்கத்தில்
ஒரு மீன் வரைந்திருந்தார்கள்.
சிரிக்கிற மீன்.

முதல் வாரம் ஒன்றுமில்லை,
கண்ணுக்கு.
விரலுக்கு மட்டும் ஒரு வழவழப்பு,
ஆறிய பாலில் ஆடை கட்டுவதற்குச் சற்று முன்பு போல.
மூன்றாம் வாரம் தேநீர்க் கறை.
ஐந்தாம் வாரம்
தகட்டின் அந்தப்பக்கம் தெரியவில்லை.

யார் யார் வந்து குடியேறினார்கள் என்று
நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்தேன்.
பசை சுரக்கும் பாக்டீரியா,
அந்தப் பசையில் கால் மாட்டிக்கொண்ட களிமண் துகள்,
துருவாகிப் படிந்த இரும்பு நிறைய.
மாங்கனீசு கொஞ்சம்.
கறுப்பாய், பொட்டுப் பொட்டாய்,
விருந்தில் யாரோடும் பேசாத உறவினர் மாதிரி.

அந்தக் கொஞ்சத்தை மட்டும்
ஒரு தகட்டிலிருந்து கரைத்தெடுத்தேன்.
இரும்பு அப்படியே. பசை அப்படியே.
பிறகு ஈயக் கரைசலில் முக்கினேன்.
பாதிக்கு மேல் ஈயம்
பிடிப்பாரில்லாமல் தண்ணீரிலேயே நின்றது.

அன்றிரவு வீட்டுக்கு நடந்துபோகையில்
பெட்சா மலை இருட்டாக இருந்தது.
சுரங்கத்தை மூடியபோது நான் பிறக்கவில்லை.
மூடியது மனிதர்களுக்குத்தான்.
மழைக்கு இன்னும் உள்ளே வேலை இருக்கிறது.
ஒவ்வொரு மழையும் கொஞ்சம் ஈயத்தை
இறக்கிக்கொண்டு வருகிறது.
கல்லின் மேல் இருக்கும் அழுக்கு
அதை வாங்கி வைத்துக்கொள்கிறது.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள்.
இதற்கு வழியே கிடையாது.
ஒட்டிக்கொண்ட இடம்தான் ஊர்.
ஆனாலும் பயம் உண்டு:
தண்ணீர் புளித்தால் பிடி தளரும்,
சுரண்டினால் போயே போச்சு.
அழிக்கத் தெரியாது இதற்கு,
பிடித்துக்கொள்ள மட்டும்தான் தெரியும்.

ஜூனில், குளிக்கும் துறையில்
த்யாஷ் என்ற பையன் வழுக்கி விழுந்து
மணிக்கட்டை முறித்துக்கொண்டான்.
ஊர்மன்றத்தில் எல்லோரும் பேசினார்கள்.
நானும் எழுந்தேன்.
"படலம்" என்றேன், "பரப்பு" என்றேன், "அயனி" என்றேன்.
பையனின் அம்மா பிரிமோஷ்கா
என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்,
மடியில் அவனுடைய மாவுக்கட்டுக் கை.
"வழுக்குகிறது" என்றாள்.
அவள் சொன்னது ஒரு சொல். எல்லோருக்கும் புரிந்தது.

செவ்வாய்க்கிழமை கஷ்பர் வந்தார்,
டீசல் பம்பும் நீண்ட குழலுமாக.
மாலைக்குள் கற்கள் வெளுத்துவிட்டன,
பல் தேய்த்துவிட்ட மாதிரி.
பிள்ளைகள் குதித்தார்கள். யாரும் விழவில்லை.
அதையும் எழுதி வைக்க வேண்டும்.

துறைக்குக் கீழே, வளைவைத் தாண்டி
நான் எட்டு குப்பிகளில் நீர் எடுத்தேன்.
கலங்கல் ஓடிக்கொண்டிருந்தது, மெலிதாக, பழுப்பாக.
எத்தனையோ வருஷம் விரல் விரலாய்ச் சேர்த்துப் பிடித்தது
ஒரு மத்தியானத்தில்
கீழூர்க்காரர்கள் பக்கம் போய்க்கொண்டிருந்தது.
எண்களைப் பார்த்தபின்
இரண்டாம் முறையும் அளந்தேன்.
மூன்றாம் முறை அளக்கவில்லை.

பாலத்துக்குத் திரும்பினேன்.
கஷ்பர் குழலைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.
நல்ல மனுஷர். முகமெல்லாம் தெறித்த சேறு.
"உன் கண்ணாடிகளைப் பார்த்தேன், யெர்னேயா.
ஒரே அழுக்கு.
பாவம், அதையும் கழுவி வைத்துவிட்டேன்."

பதினாறும் பளபளத்தன.
ஒவ்வொன்றிலும் வானம் இருந்தது.
நன்றி சொன்னேன். வேறென்ன சொல்ல?
சீட்டில் மீன் மட்டும் அழியாமல் சிரித்தது.

அவர் வண்டி போன பிறகு
சட்டத்தை மறுபடி இறக்கினேன்.
இன்று நான்காம் நாள்.
கண்ணுக்கு ஒன்றுமில்லை.
கையுறையைக் கழற்றிவிட்டு
ஒரு விரலால் தடவிப் பார்க்கிறேன்.